குளிர்காலத்தில் விலங்குகள்: "எல்லாம் தூங்கிவிடும்" என்று சிறுவர்களுக்குச் சொல்லலாமா?

நிலாமுற்றம் (மார்க்கம், ஒன்டாரியோ)

அனைவருக்கும் வணக்கம். நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரயிறுதித் தமிழ் வகுப்பு நடத்திவருகிறேன். இந்தப் பருவத்துக்குரிய பாடமாகக் குளிர்காலத்தில் விலங்குகள் எப்படி வாழ்கின்றன என்பதை எடுத்திருக்கிறேன். வகுப்புக்கென்று கைக்கு வந்த பட அட்டைகள் தூங்குபவை, தெற்கே போகிறவை, உணவைச் சேமிப்பவை என்று மூன்று பிரிவாக இருக்கின்றன. கரடி குகைக்குள் போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது, வாத்து கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பறக்கிறது, அணில் ஓக் கொட்டைகளைக் குவித்து வைத்திருக்கிறது.

முதல் வகுப்பிலேயே அட்டைகள் திணறத் தொடங்கிவிட்டன. எங்கள் மண்டபத்தின் பின்புறம் ஒரு பூங்காவும் சிறிய குளமும் உண்டு. "வாத்து போய்விட்டது" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுமி சன்னல் வழியாகக் கனடா வாத்துக்கூட்டத்தைச் சுட்டிக்காட்டினாள். இன்னொருவன், கொசு எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டான். முயல் வெள்ளையாக மாறும் என்று அட்டையின் பின்புறம் எழுதியிருக்கிறது. தன் வீட்டுப் பின்முற்றத்துக்கு வரும் முயல் போன குளிர்காலம் முழுவதும் பழுப்பாகவே இருந்தது என்று மூன்றாவது பிள்ளை அடித்துச் சொன்னது.

என் கேள்விகள் இவைதாம். மூன்று கட்டங்களை வைத்துக்கொண்டே சமாளிக்கலாமா, அல்லது வேறு வழியில் தொடங்க வேண்டுமா? இந்த வயதுக்கு எவ்வளவு உண்மையைச் சொல்லலாம்? குளிரில் விலங்குகள் இறந்துபோகுமா என்று கேட்டால் என்ன சொல்வது?

ஊசியிலை (ஒட்டாவா)

நிலாமுற்றம் அவர்களுக்கு வணக்கம். அட்டைகளைத் தூக்கி எறிய வேண்டாம். கட்டங்களின் பெயர்களை மட்டும் எடுத்துவிடுங்கள். கரடியையும், வளை தோண்டி வாழும் பருத்த அணிலினமான கிரவுண்ட்ஹாக்கையும், முதுகில் கோடுள்ள சின்ன அணிலான சிப்மங்கையும், தவளையையும் "தூங்குபவை" என்ற ஒரே கட்டத்தில் போட்டு மூடிவிடுவதுதான் சிக்கலின் வேர், ஏனென்றால் ஒன்டாரியோவில் இந்த நான்கும் குளிர்காலத்தைக் கடக்கும் விதம் நான்கு வேறு விதம்.

கிரவுண்ட்ஹாக்கின் உடல் வெப்பம் வளைக்குள் 37 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 80 முறை துடித்த இதயம் பத்து முறைகூடத் துடிப்பதில்லை. அந்த நிலையில் அதைக் கையில் எடுத்தாலும் உடனே விழிக்காது. ஆனால் வசந்தம் வரை ஒரே மூச்சாக அப்படிக் கிடப்பதும் இல்லை. அவ்வப்போது உடலைத் தானே சூடாக்கிக்கொண்டு விழித்து, சற்று நேரம் இருந்துவிட்டு மறுபடியும் அடங்குகிறது. சிப்மங்கோ உடலில் பெரிதாகக் கொழுப்பைச் சேர்ப்பதில்லை. வளைக்குள் குவித்த விதைகளின் பக்கத்திலேயே படுத்து, சில நாட்களுக்கு ஒருமுறை எழுந்து தின்றுவிட்டு மீண்டும் சுருண்டுகொள்கிறது. அப்படியானால் அதை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்? தூங்குவதிலா, சேமிப்பதிலா?

கரடிதான் எல்லாரும் காட்டும் உதாரணம். உள்ளபடி பார்த்தால் மிகவும் விசித்திரமான உதாரணமும் அதுவே. கருங்கரடியின் உடல் வெப்பம் சில டிகிரிகள் மட்டுமே குறைகிறது. மாதக்கணக்கில் அது உண்பதில்லை, குடிப்பதில்லை, சிறுநீர் கழிப்பதுமில்லை. ஆனால் அருகில் போய்த் தொந்தரவு செய்தால் எழுந்துவிடும். பெண் கரடி ஜனவரி மாதத்தில், அந்தக் கிடையிலேயே, அரைக்கிலோகூட எடையில்லாத குட்டிகளை ஈன்று பால் கொடுத்து வளர்க்கிறது. குழந்தைகளிடம் சொல்ல இதைவிட நல்ல கதை கிடையாது. "கரடி தூங்குகிறது" என்று முடித்துவிட்டால் இந்தக் கதை முழுவதும் காணாமல் போய்விடுகிறது. குகையும் அப்படித்தான்: பெரும்பாலும் கரடி வேரோடு சாய்ந்த மரத்தின் அடியிலோ, தானே தோண்டிய பள்ளத்திலோ, கிளைக்குவியலின் கீழோதான் படுத்திருக்கும்.

கட்டங்களுக்குப் பதிலாக மூன்று கேள்விகளை வைத்துப் பாருங்கள். இந்த விலங்குக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? குளிர் படாமல் எங்கே இருக்கிறது? உடம்பில் என்ன மாறுகிறது? எந்த விலங்கைப் பற்றியும் இந்த மூன்றையும் கேட்கலாம், கனடா வாத்தைப் பற்றியும் கொசுவைப் பற்றியும்கூட. கொசுவுக்கு விடை வேண்டுமானால்: சில இனங்களில் கருவுற்ற பெண் கொசுக்கள் நீர்க்குழாய்களிலும் நிலவறைகளிலும் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கின்றன, வேறு சில இனங்கள் முட்டைகளாக மட்டுமே குளிர்காலத்தைக் கடக்கின்றன.

தூரதேசி (மிசிசாகா)

ஊசியிலை அவர்கள் எழுதியதில் பிழை இல்லை. ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு 37 டிகிரியும் 5 டிகிரியும் என்ன செய்யும் என்பதே என் ஐயம். "கரடி தூங்குகிறது" என்பது பொய் அல்ல. குழந்தையின் கைக்கு எட்டும் அளவுக்கு வெட்டிக் கொடுத்த உண்மை. பெரிய வகுப்புக்குப் போனதும் ஆசிரியர் விரித்துச் சொல்வார். நாமும் அப்படித்தான் படித்து வந்தோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இது தமிழ் வகுப்பு, அறிவியல் வகுப்பு அல்ல. வாரத்துக்கு ஓரிரு மணி நேரமே கிடைக்கும் இடத்தில் கிரவுண்ட்ஹாக், சிப்மங்க் என்று விரித்துக்கொண்டே போனால், குழந்தைகள் பேச வேண்டிய தமிழ் வாக்கியங்கள் குறைந்து, ஆசிரியர் பேசும் தமிழ் வாக்கியங்கள் கூடிப்போகும். பெற்றோர்கள் வந்து கேட்பது "என் பிள்ளை என்ன பேசினான்" என்பதைத்தான்.

பனைமரநிழல் (ஸ்காபரோ)

நான் குழந்தைகள் பராமரிப்பு நிலையமொன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். தூரதேசி ஐயாவின் இரண்டாவது கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். முதலாவதை ஏற்க முடியவில்லை.

சிறு பிள்ளைகள் "நித்திரை" என்றதும் தங்களுடைய நித்திரையைத்தான் நினைக்கிறார்கள். இரவு படுத்து, காலையில் பசியோடு எழும்பி, சாப்பிடுவதுதான் அவர்கள் அறிந்த நித்திரை. ஆகவே கரடி நித்திரை கொள்கிறது என்று சொன்ன அடுத்த நிமிடமே, அது காலையில் எழும்பி என்ன சாப்பிடும், எப்போது கழிப்பறைக்குப் போகும் என்று கேட்பார்கள். இதை நாங்கள் குறும்புக் கேள்வியாகச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. ஊசியிலை எழுதிய உடலியலின் நடுவிலே போய் நிற்கிற கேள்வி அது. இலக்கங்கள் தேவையில்லை. "எங்களுக்கு ஒரு நாள் சாப்பாடு இல்லாவிட்டால் வயிறு கத்தும், கரடி இலையுதிர் காலம் முழுவதும் தின்று தன் உடம்பிலேயே சாப்பாட்டை வைத்திருக்கிறது" என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்கு விளங்கும், அந்த வாக்கியத்தைத் தானும் திருப்பிச் சொல்லும். தமிழ் வகுப்புக்கு அது போதாதா?

செயற்பாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவில் சமையல் கொழுப்பை நிரப்பி, அதற்குள் கையை விட்டு ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துகிற "கொழுப்புக் கையுறை" எல்லா இடத்திலும் பிரபலம். சீல், திமிங்கிலம் பற்றிப் படிப்பிக்கும்போது அது பொருத்தமானது. கரடிக்கு அதைச் செய்தால் கொழுப்பு வெறும் போர்வை என்று பிள்ளைகளின் மனதில் பதிந்துவிடும். கரடிக்கு அது முதலில் எரிபொருள், போர்வை வேலையைப் பெரும்பாலும் உரோமம் பார்த்துக்கொள்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது கையுறைக்குள் ஐஸ் வைப்பது. ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்து, ஒன்றைக் கம்பளிக் கையுறைக்குள்ளும் மற்றதை வெறும் தட்டிலும் வைத்து, எது முதலில் கரையும் என்று கேளுங்கள். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் கையுறையைக் காட்டுவார்கள், ஏனென்றால் கையுறை "சூடு தரும்" என்றே வீட்டில் கேட்டிருக்கிறார்கள். தட்டிலுள்ளது கரைந்து தண்ணீராகிவிட, கையுறைக்குள் இருந்தது இன்னும் கட்டியாக வெளியே வரும். கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை, சூடு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் தாமதப்படுத்துகிறது என்பதை நீங்கள் சொல்லவே தேவையில்லை. இறகு, உரோமம், உதிர்ந்த இலை, வெண்பனி ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தக் கையுறையிலிருந்துதான் நான் போவேன்.

அதற்கு அடுத்த கிழமை ஜெலி விளையாட்டு. மூடியுள்ள சின்னப் போத்தல்களில் வெதுவெதுப்பான ஜெலிக் கரைசலை ஊற்றி, "இது உங்களுடைய சிப்மங்க், குளிரில் உறையாமல் பாருங்கள்" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றாகக் கொடுத்து வெளியே விடுங்கள். சிலர் இலைக்குவியலுக்குள் புதைப்பார்கள், சிலர் மரப்பொந்தில் வைப்பார்கள், ஒருவராவது வெறும் பனியின் மேலே வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார். திரும்பி வந்து சரித்துப் பார்த்தால் எது ஆடுகிறது, எது கட்டியாகிவிட்டது என்று தெரியும்.

கூதிர் (குவெல்ஃப்)

நான் பறவை பார்ப்பவன். ஆகவே என் வாக்கு பறவைக்கே. நிலாமுற்றம் அவர்களின் மாணவி சன்னலில் காட்டிய கனடா வாத்துகளை விட்டுவிடாதீர்கள். ரொறன்ரோ வட்டாரத்தில் திறந்த தண்ணீரும் புல்வெளியும் கிடைக்கும் வரை அவற்றில் பல தெற்கே போவதே இல்லை. "பறவைகள் தெற்கே போகின்றன" என்ற வாக்கியத்தைக் குழந்தை தன் கண்ணாலேயே மறுக்கிறாள் என்றால் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

பனிக்கட்டியின் மேல் வெறுங்காலோடு நிற்கிறதே, கால் உறையாதா என்று கேட்கச் சொல்லுங்கள். உடலிலிருந்து காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாய்களும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக் குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. இறங்குகிற இரத்தம் தன் சூட்டை ஏறுகிற இரத்தத்துக்குக் கொடுத்துவிடுவதால் பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே குளிர்ச்சியாகவே இருக்கிறது. உடம்பின் சூடு வெளியே கொட்டிப்போவதில்லை. இதைக் குழந்தைகளை வைத்தே நடித்துக் காட்டலாம். இரண்டு வரிசை எதிரெதிர்த் திசையில் நடக்கட்டும். ஒரு வரிசையின் கையில் சிவப்புப் பந்துகள் இருக்கட்டும். கடந்து போகும்போது அவற்றை எதிர் வரிசைக்குக் கொடுத்துவிட்டால், பந்து ஒன்றும் "பாதம்" வரை போய்ச் சேராது, எல்லாம் உடலுக்கே திரும்பிவிடும்.

சிக்கடீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினொரு கிராம் எடையுள்ள அந்தக் குருவி எங்கும் போவதில்லை, மாதக்கணக்கில் அடங்கிக் கிடப்பதுமில்லை. பகலெல்லாம் விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்து, பிறகு ஒளித்த இடங்களை நினைவில் வைத்து எடுத்துத் தின்கிறது. குளிர்கால இரவில் தன் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 10 டிகிரி வரை தானாகவே இறக்கி, காலையில் மறுபடியும் ஏற்றிக்கொள்கிறது. ஒவ்வோர் இரவும் ஒரு சிறிய குளிர்காலம்! தீனித்தட்டு ஒன்றைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் இது பாட அட்டையிலிருந்து வெளியே வந்துவிடும். தோல் நீக்காத கருப்புச் சூரியகாந்தி விதையே போதும், ரொட்டித்துண்டு வேண்டாம்.

முயலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகரத்துப் பின்முற்றங்களில் காணும் முயல் காட்டன்டெயில் என்ற இனம். அது ஆண்டு முழுவதும் பழுப்புத்தான். வெள்ளையாவது வடக்குக் காடுகளிலுள்ள ஸ்னோஷூ முயல். அதுவும் பனியைப் பார்த்து மாறுவதில்லை. பகல் பொழுது குறைவதை உடல் உணர்ந்து உரோமம் மாறுகிறது. அதனால்தான் பனி தாமதமாக விழும் ஆண்டுகளில் பழுப்பு நிலத்தில் வெள்ளை முயல் பளிச்சென்று தெரிந்து மாட்டிக்கொள்கிறது. "ஒளிந்துகொள்ள நினைத்து நிறத்தை மாற்றியது" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

நிலாமுற்றம் (மார்க்கம், ஒன்டாரியோ)

எல்லாருக்கும் நன்றி. மூன்று கேள்விகளையும் ஒரு பெரிய தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். இந்த வாரம் கையுறை ஐஸ் செய்தோம், பந்து விளையாட்டும் ஆடினோம். தூரதேசி அவர்களின் கவலைக்காகச் சொல்கிறேன், "என் கையுறை சூடு தரவில்லை, சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது" என்று ஒரு பிள்ளை முழு வாக்கியமாகத் தமிழில் சொன்னது. அதன் அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் குளத்துக்குப் போகிறோம். குளம் உறைந்துவிட்டால் தவளையும் ஆமையும் செத்துப்போய்விடுமா என்ற கேள்வி இப்போதே வந்துவிட்டது.

ஊசியிலை (ஒட்டாவா)

குளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கிறது; அதைவிடக் குளிர்ந்தால் இலேசாகி மேலே வந்து, மேலேதான் உறைகிறது. பனிக்கட்டி மிதக்கிறது, அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கியிருக்கிறது. பனிக்கட்டி தண்ணீரில் மூழ்குவதாக இருந்திருந்தால் குளம் அடியிலிருந்து உறைந்துகொண்டே வந்திருக்கும். ஒரு குவளைத் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போட்டுக் காட்டினால் குழந்தைகளுக்கு அது போதும்.

வண்ண ஆமை அந்த அடித்தண்ணீரில் வசந்தம் வரை மூச்சு வாங்க மேலே வராமலே கிடக்கிறது. ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆக்சிஜன் இன்றி உடல் இயங்கும்போது சேர்கிற அமிலத்தை அதன் ஓட்டிலுள்ள சுண்ணச்சத்து கரைந்து வந்து சமன்செய்கிறது. ஓடு காவலுக்கு மட்டும் அல்ல, மருந்துப் பெட்டியும் அதுதான்.

தவளைகளிலும் ஒரே விடை கிடையாது. சிறுத்தைத் தவளை ஆமையைப் போலத் தண்ணீரின் அடியில் கிடக்கிறது. மரத்தவளை என்று நாம் வழக்கமாகச் சொல்வதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத, காட்டுத் தரையில் வாழும் வுட் ஃப்ராக் என்பதுதான் அதிசயம். குளிர்காலத்தைக் கழிக்க அது குளத்துக்கே போவதில்லை. உதிர்ந்த இலைகளுக்கடியில் படுத்து, அங்கேயே உறைந்துவிடுகிறது. அதன் உடலிலுள்ள தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிறது, இதயம் நின்றுவிடுகிறது, மூச்சும் இல்லை. தோலில் பனிக்கட்டி உருவாகத் தொடங்கியதுமே கல்லீரல் தான் சேர்த்துவைத்த மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் கொட்டுகிறது. அந்தச் சர்க்கரை உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை உறையாமல் காக்கிறது. பனிக்கட்டி உயிரணுக்களுக்கு வெளியே மட்டும் உண்டாகிறது. வசந்தத்தில் உருகியதும் இதயம் மீண்டும் துடிக்கிறது. எங்கள் ஊரிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோரி, ஜேனட் ஸ்டோரி என்ற இருவரும் இந்தத் தவளையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

வகுப்பில் செய்ய எளிய வழி உண்டு. ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியான சர்க்கரைப் பாகு. இரண்டையும் இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்து, காலையில் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் கல்லாகியிருக்கும், பாகு குழைந்தே இருக்கும்.

தூரதேசி (மிசிசாகா)

இங்கே நான் நிறுத்தச் சொல்வேன். இதயம் நின்று, மூச்சு நின்று, பிறகு உயிர்த்தெழும் தவளையை நான்கு வயதுக் குழந்தையிடம் காட்டுகிறீர்கள். அந்தக் குழந்தையின் வீட்டில் அண்மையில் ஒரு தாத்தா இறந்திருந்தால், வெயில் வந்ததும் அவரும் எழுந்து வருவார் என்று அது எண்ணாதா? அறிவியலின் பெயரால் ஒரு குழந்தையின் துக்கத்தைக் குழப்பிவிடக் கூடாது. இந்த இடத்தில் நான் விவாதத்துக்காகப் பேசவில்லை.

பனைமரநிழல் (ஸ்காபரோ)

தூரதேசி ஐயா எழுப்பியது இந்த இழையிலேயே கனமான கேள்வி. ஆனால் குழப்பம் தவளையிலிருந்து மட்டும் வருவதில்லை. எங்கள் வீடுகளில் யாராவது இறந்தால் பிள்ளைகளிடம் "அப்பம்மா நித்திரையாகிவிட்டா" என்கிறோம். அடுத்த கிழமை வகுப்பில் "கரடி நித்திரை, வசந்தத்தில் எழும்பும்" என்கிறோம். உறைந்த தவளையை விட இந்த இரண்டும் சேர்வதுதான் பிள்ளையை அதிகம் தடுமாற வைக்கும்.

நான் செய்வது இதுதான். பாடத்துக்கு முன்பே பெற்றோரிடம் அண்மையில் வீட்டில் இழப்பு ஏதும் நடந்ததா என்று கேட்டுவிடுவேன். நடந்திருந்தால் அந்த ஆண்டு வுட் ஃப்ராக்கை எடுக்க மாட்டேன், ஆமையே போதும். மற்ற ஆண்டுகளில் எடுக்கும்போது, இது இந்தத் தவளையின் உடம்பால் மட்டும் முடிகிற காரியம், நாயாலும் முடியாது, பூனையாலும் முடியாது, மனிதராலும் முடியாது என்று நேராகச் சொல்வேன். உயிர் போன உடம்பு திரும்பி வராது என்பதையும் அதே குரலில் சொல்வேன். பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள். பெரியவர்கள் மழுப்பும்போதுதான் அவர்களுக்குப் பயம் பிடிக்கிறது.

குளிரில் விலங்குகள் இறக்குமா என்ற கேள்விக்கும் "ஆம், சில இறந்துவிடும்" என்பதே என் பதில். அதோடு, இறந்த உடல் ஆந்தைக்கும் நரிக்கும் காகத்துக்கும் சாப்பாடாகிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால், அநேகமான பிள்ளைகள் உடனே நரியைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

கூதிர் (குவெல்ஃப்)

இறப்பையும் உணவையும் சேர்த்துப் பார்க்க ஒரு சிறிய பொருள் இருக்கிறது, அதைக் கையிலேயே பிடிக்கலாம். மின்கம்பிப் பாதைகளின் ஓரத்திலும் தரிசுநிலங்களிலும் கோல்டன்ராட் செடிகள் காய்ந்து பழுப்பாக நிற்கும். சில தண்டுகளின் நடுவில் கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிதாக ஓர் உருண்டை புடைத்திருக்கும். வசந்தத்தின் பிற்பகுதியில் ஒரு ஈ அந்தத் தண்டில் முட்டையிட, அதிலிருந்து வந்த புழு உள்ளே இருந்தபடி செடியையே தனக்கு வீடு கட்ட வைத்திருக்கிறது. பெரியவர் ஒருவர் கத்தியால் கவனமாகப் பிளந்தால், நெல்மணி அளவிலான மஞ்சள் கலந்த வெள்ளைப் புழு நடுக்குழியில் கிடக்கும். அதன் உடலில் உறைவதைத் தடுக்கும் கிளிசரால் என்ற பொருள் நிறைந்திருப்பதால் கடுங்குளிரிலும் சாவதில்லை. தவளைக்குச் சர்க்கரை, இதற்குக் கிளிசரால். உருண்டையின் ஒரு பக்கத்தைப் பெரிதுபடுத்தும் கண்ணாடியில் பாருங்கள். வசந்தத்தில் ஈயாகி வெளியே வருவதற்காகப் புழு இலையுதிர் காலத்திலேயே தோல் வரை ஒரு வழியைக் குடைந்துவைத்திருக்கும். ஈயின் வாயால் தண்டைக் குடைய முடியாது, அதனால் புழு முன்கூட்டியே செய்துவைக்கிறது.

சில உருண்டைகளில் கூம்பாகக் குழிந்த துளை ஒன்று இருக்கும். உள்ளே புழு இருக்காது. டவுனி மரங்கொத்தி கொத்தித் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு புழுவின் குளிர்கால வீடு ஒரு பறவையின் குளிர்கால உணவு. இரண்டு வகை உருண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன நடந்திருக்கும் என்று குழந்தைகளையே கதை சொல்லச் சொன்னால் தமிழ் வகுப்பும் நடந்துவிடும். நகரப் பூங்காக்களில் செடியை வெட்டி எடுக்க அனுமதி இராது. அங்கே பார்த்துவிட்டு வாருங்கள், பிளப்பதற்குத் தனியார் நிலத்தில் கேட்டு ஒன்றிரண்டு மட்டும் எடுங்கள்.

ஊசியிலை (ஒட்டாவா)

தெற்கே போகும் ஒன்றைக் காட்ட வேண்டுமானால் வாத்தை விட மோனார்க் வண்ணத்துப்பூச்சியே சிறந்தது, அதுவும் ஸ்காபரோ, மார்க்கம் குழந்தைகளுக்கு. இலையுதிர் காலத்தில் தெற்கு ஒன்டாரியோவிலிருந்து புறப்படும் அந்தப் பூச்சி எங்கே போகிறது என்பதைப் பல பத்தாண்டுகள் தேடியவர் ஃப்ரெட் அர்க்கார்ட்; ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். அவரும் மனைவி நோராவும் சிறகில் சின்னக் காகித அடையாளம் ஒட்டிப் பறக்கவிட்டு, யார் எங்கே பார்த்தாலும் எழுதும்படி தன்னார்வலர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களோடு சேர்ந்து தேடிய கென் பிரக்கரும் கத்தலினா அகுவாதோவும் 1975 ஜனவரியில் மெக்சிக்கோவின் மலைக்காட்டில், ஒயமெல் என்ற ஊசியிலை மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூச்சிகளைக் கண்டார்கள். அந்த மலையடிவார ஊர்க்காரர்களுக்கு அவை புதியவை அல்ல. புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டதுதான் புதிது.

கோடையில் பிறக்கும் மோனார்க் சில வாரங்களே வாழும். தெற்கே போகும் தலைமுறை மட்டும் எட்டு மாதங்கள் வரை வாழ்ந்து வசந்தத்தில் வடக்கே திரும்பத் தொடங்குகிறது. ஆனால் ஒன்டாரியோவுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. தாத்தாவின் ஊருக்கு வழி கேட்காமல் போகும் பேரன் என்று சொன்னால், புலம்பெயர்ந்த வீட்டுக் குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

நிலாமுற்றம் (மார்க்கம், ஒன்டாரியோ)

ஒரு நடைமுறைச் சந்தேகம். பனைமரநிழல் அக்கா சொன்ன ஜெலி விளையாட்டுக்குப் பொருட்கள் வாங்கப் போனேன். ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. என் வகுப்பில் சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. சாப்பிடப் போவதில்லை என்றாலும் கையில் கொடுக்க மனம் வரவில்லை. கடல்பாசியில் செய்யலாமா?

ஊசியிலை (ஒட்டாவா)

கடல்பாசி, அதாவது அகர், வேலைக்கு ஆகாது. அது 35, 40 டிகிரியிலேயே கட்டிப்பட்டுவிடும். குழந்தைகள் மண்டபத்தை விட்டு வெளியே இறங்குவதற்குள் எல்லாருடைய சிப்மங்கும் உறைந்திருக்கும்.

பனைமரநிழல் (ஸ்காபரோ)

தேங்காயெண்ணெயை எடுங்கள், தங்கச்சி. இந்த நாட்டில் மாரி வந்தால் குளியலறைப் போத்தலில் அது கட்டியாகிவிடுவதைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. அது உறைவது ஏறத்தாழ 24 பாகையில்; உருகியிருந்தால் கண்ணாடி போலத் தெளிவாகவும் உறைந்தால் வெள்ளையாகவும் இருப்பதால், சரித்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, தூரத்திலிருந்தே தெரியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் போத்தல்களை வைத்து உருக்கி, எல்லாவற்றிலும் ஒரே அளவாக ஊற்றுங்கள். மிகச் சின்னப் போத்தல் என்றால் ஐந்தாறு நிமிடத்திலேயே குளிர்ந்துவிடும், ஆகவே உள்ளங்கை அளவிலாவது இருக்கட்டும். கடுங்குளிர் நாளாக இல்லாமல் சுழியத்துக்குச் சற்றுக் கீழான நாளைத் தெரிவு செய்யுங்கள். ஒரு போத்தலை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வெளிப்படிக்கட்டில் வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. மூடிகளை நீங்களே இறுக்குங்கள். பனிக்கால மேலங்கியில் எண்ணெய் பட்டால் பெற்றோரிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தூரதேசி (மிசிசாகா)

தேங்காயெண்ணெய்க்கு என் ஆட்சேபம் எதுவும் இல்லை. என் மகளையும் அந்த வாரம் அழைத்து வரலாமா? அவளுக்கு ஐந்து வயது. கிரவுண்ட்ஹாக் சிறுநீர் கழிக்குமா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஊசியிலை (ஒட்டாவா)

கழிக்கும், இடையில் விழித்துக்கொள்ளும்போது. கரடிதான் கழிப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் மறுநாள் மற்றதைக் கேட்பாள்.